எம்ஜிபி காரில் பெட்ரோல் பம்பு மாற்றுவது எப்படி: ஏற்காடு ஏறும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோரிமேடு வரைக்கும் அழகாக ஓடிவந்த கார், அடிவாரம் தாண்டி மூன்றாவது நான்காவது கொண்டை ஊசி வளைவில் திணறும், இருமும், நின்றுவிடும். ஐந்து நிமிடம் விட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகும். அடுத்த இரண்டு வளைவு ஏறியதும் மறுபடி அதே கதை. பின்னால் ஏற்காட்டுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். உடனே யாராவது ஒருவர், "பெட்ரோல் பம்பு போயிருச்சு, மாத்திடுங்க" என்பார்.

அவசரப்பட்டுப் பம்பு வாங்காதீர்கள். எம்ஜிபி என்ற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கும் எஸ்யூ கம்பெனியின் மின்சார பம்பு, தனக்கு என்ன கோளாறு என்று ஓசையாலேயே சொல்லிவிடும் பம்பு. அதைக் கேட்கக் கற்றுக்கொண்டால், எதை மாற்ற வேண்டும் என்பது ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். மாற்றும் வேலை அரை நாள்தான். கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் பொறுமை வேண்டும்.

எம்ஜிபியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் அது. அதனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களிலேயே உதிரி பாகம் எளிதாகக் கிடைப்பது இதற்குத்தான். உங்களிடம் இருப்பது டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரோ, சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ என்றால் பம்பு வேறு. அது எஞ்சின் பக்கவாட்டில் உட்கார்ந்து கேம் ஷாஃப்டால் இயங்கும் இயந்திர பம்பு, நம் ஊர் மெக்கானிக்குகள் ஏசி பம்பு என்பது (ஏசி என்பது கம்பெனிப் பெயர்). எஞ்சின் சூட்டில் அதற்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதும் உண்டு. கீழே சொல்லும் சோதனைகளில் டேங்கையும் குழாயையும் பற்றியவை அந்தக் கார்களுக்கும் பொருந்தும். மின்சாரப் பகுதி பொருந்தாது.

பம்பு எப்படி வேலை செய்கிறது

சாவியைத் திருப்பியதும் பம்பின் காயிலுக்கு, அதாவது கம்பிச்சுருளுக்கு, மின்சாரம் போகிறது. காயில் காந்தமாகி, டயஃப்ரம் என்ற வளையும் மெல்லிய திரையை இழுக்கிறது. அந்த இழுப்பில் டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வருகிறது. இழுப்பின் கடைசியில், மின்சாரத்தைச் சேர்த்து அறுக்கும் தொடுமுனையான பாயின்ட் 'டிக்' என்று விலகி மின்சாரம் அறுந்துவிடும். இப்போது ஸ்பிரிங் டயஃப்ரத்தைத் திருப்பித் தள்ளுகிறது. பெட்ரோல், அதைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்பரேட்டருக்குப் போகிறது. தள்ளி முடித்ததும் பாயின்ட் மறுபடி சேரும், மறுபடி இழுப்பு.

பெட்ரோலைத் தள்ளுவது மின்சாரம் இல்லை, ஸ்பிரிங் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்பரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் சேம்பர் நிரம்பி ஊசி வால்வு மூடிக்கொண்டால் ஸ்பிரிங்கால் மேற்கொண்டு தள்ள முடியாது. பாயின்ட் விலகிய நிலையிலேயே பம்பு ஓய்வெடுக்கும். பெட்ரோல் குறைந்ததும் தானே எழுந்துகொள்ளும். அந்த ஸ்பிரிங் தரும் அழுத்தம் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு 3 பவுண்டு). எஸ்யூ கார்பரேட்டரின் ஊசி வால்வு அந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டது. புது பம்பு வாங்கும்போது இந்த எண் மறுபடி வரும்.

முதலில் காதால் கேளுங்கள்

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். விசிறி, பாட்டு எல்லாம் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் காது கொடுங்கள். நல்ல பம்பு வேகமாக டிக் டிக் என்று கொஞ்ச நேரம் அடித்து, நிதானமாகி, நின்றுவிடும். நின்ற பிறகு அரை நிமிடத்துக்கு ஒரு முறை அல்லது அதற்கும் அரிதாக ஒரு டிக் வந்தால் கவலை இல்லை.

அடி நிற்காமல் வேகமாகத் தொடர்ந்தால் பம்பு பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது. டேங்க் காலி, அல்லது டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஓஸ் வெடித்திருக்கிறது, அல்லது கிளிப் தளர்ந்திருக்கிறது. வெளியே சொட்டு விழாமலே காற்று உள்ளே போகும் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. விரலால் ஓஸை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும். ஓஸும் கிளிப்பும் சரியாக இருந்தால் பம்பின் உள்வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள்.

எஞ்சின் ஓடாதபோதும் மெதுவாக, விடாமல் அடித்தால் தள்ளிய பெட்ரோல் எங்கோ போகிறது. கார்பரேட்டர் வழிகிறதா, பம்புக்குப் பிந்தைய குழாயில் கசிவா என்று பாருங்கள். இந்த நிலையில் காரை ஓட்டவே கூடாது. எம்ஜிபியில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. வழியும் பெட்ரோல் சுட்ட இரும்பின் மேல்தான் விழும்.

ஓசையே இல்லையென்றால் மின்சாரக் கோளாறு, அல்லது பாயின்ட் கோளாறு. பம்பின் பக்கவாட்டில் மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். தட்டியதும் அடிக்கத் தொடங்கினால் பாயின்ட் பச்சை பிடித்திருக்கிறது அல்லது கருகியிருக்கிறது. மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற காருக்கு இது வழக்கம். தட்டியும் அசையாவிட்டால் சாவியை உடனே எடுத்துவிடுங்கள். பாயின்ட் சேர்ந்தபடியே இறுகியிருந்தால் காயில் சூடேறிக் கருகிப்போகும்.

அடுத்து, பம்பின் முனைக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வெள்ளை ஒயரில் 12 வோல்ட் வர வேண்டும். இதற்கு மல்டிமீட்டரைவிட ஒரு 12 வோல்ட் பல்பு மேல். அரித்துப்போன இணைப்பிலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். பல்பு மங்கினால் உண்மை தெரியும். பல்பின் ஒரு முனையைக் காரின் உடம்பில் வைக்காமல், பம்பின் கறுப்பு எர்த் ஒயரிலேயே வைத்துப் பாருங்கள். பம்பு ரப்பர் உறைக்குள் உட்கார்ந்திருப்பதால் அதற்கு எர்த் கிடைப்பது அந்த ஒரே ஒயரில்தான். அந்த ஒயரின் முனையை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிய உடனே உயிர் பெற்ற பம்புகள் ஏராளம்.

இப்போது, கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கார். ஓடுகிறது, ஏற்றத்தில் நிற்கிறது, ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடுகிறது. டேங்க் மூடியின் காற்றுத்துளையை முதலில் சந்தேகப்படுங்கள். உள்ளே காற்று போகாவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். நின்ற இடத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் கண்டுபிடித்துவிட்டீர்கள். எம்ஜிபிக்குக் காற்றுத்துளை உள்ள மூடி, இல்லாத மூடி என இரண்டு வகை உண்டு. தவறான மூடி போட்ட கார்கள் சமவெளியில் சமாளித்து மலையில் மாட்டிக்கொள்ளும். டேங்கில் உதிர்ந்த துரு, உறிஞ்சும் குழாயின் வாயை அடைப்பதும் இதே அறிகுறியைத்தான் தரும்.

கடைசிச் சோதனை அளவு. கார்பரேட்டர் முனையில் ஓஸைக் கழற்றி, கேன் ஒன்றுக்குள் விட்டு, இன்னொருவரைச் சாவி போடச் சொல்லுங்கள். நல்ல பம்பு அரை நிமிடத்தில் அரை லிட்டர் அளவுக்குக் கொட்டும். சொட்டுச் சொட்டாக வந்தால், பம்பின் உள்வாயில் டேங்க் ஓஸுக்குப் பதில் வேறொரு ஓஸை மாட்டி, நல்ல பெட்ரோல் உள்ள கேனில் அதன் மறுமுனையை அமிழ்த்தி மறுபடி பாருங்கள். இப்போது நன்றாகக் கொட்டினால் குற்றம் டேங்கிலோ குழாயிலோ இருக்கிறது. இப்போதும் கொட்டாவிட்டால் பம்பைக் கழற்ற வேண்டியதுதான்.

எந்தப் பம்பு வாங்குவது

அசல் எஸ்யூ பம்பு இன்றும் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் பர்லன் நிறுவனத்தால் செய்யப்படுகிறது. கூரியரில் வரும், சுங்க வரியும் சேரும். "அவ்வளவு எதற்கு, இங்கேயே ஏதாவது ஒன்றைப் போட்டுவிடலாம்" என்பவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜெக்‌ஷன் கார்களின் பம்பு 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும். அதை இந்தக் காரில் மாட்டினால் ஊசி வால்வு ஒரு நொடி தாங்காது. கார்பரேட்டருக்கென்று விற்கும் மலிவான சிறு பம்புகளிலும் 5, 6 பிஎஸ்ஐ தள்ளுபவை உண்டு. அவற்றுக்கு அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாமல் போடக் கூடாது. எக்ஸாஸ்டுக்கு மேல் கார்பரேட்டர் உள்ள காரில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

எஸ்யூவிலேயே பாயின்ட் வகை, எலக்ட்ரானிக் வகை என இரண்டு கிடைக்கும். பாயின்ட் வகையை வழியிலேயே பழுது பார்க்கலாம். எலக்ட்ரானிக் வகைக்குப் பராமரிப்பு இல்லை, போனால் மொத்தமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு எலக்ட்ரானிக் என்பது என் கருத்து. நின்றே கிடக்கும் காரில் பாயின்ட் அடிக்கடி பச்சை பிடிக்கும்.

ஆனால் எலக்ட்ரானிக் வகை வாங்கும் முன் உங்கள் காரின் எர்த் எது என்று பாருங்கள். 1967 இறுதிவரை வந்த எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடம்போடு இணைந்தவை. இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். ஆண்டைப் பார்த்து முடிவு செய்யாமல், பேட்டரியின் எந்த முனை காரின் உடம்புக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள். மாறி இணைத்தால் எலக்ட்ரானிக் பம்பு அங்கேயே முடிந்துவிடும்.

கூடவே ஓஸ். நம் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய ரப்பரை எத்தனால் முதலில் ஊத வைக்கும், பிறகு பொடிப்பொடியாக உதிர்க்கும். போதாததற்கு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அந்த நீர் டேங்கின் அடியில் தங்கித் துருவாகும். அதனால் ஓஸ் வாங்கும்போது அதன் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்றாலும் விடாதீர்கள். பல வருடம் அலமாரியில் கிடந்த பழைய சரக்குப் பம்பு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதன் டயஃப்ரம் எத்தனாலைப் பார்க்காத காலத்தைச் சேர்ந்தது.

கழற்றும் முன்

வேலையைத் திறந்த வெளியில், எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு செய்யுங்கள். காலை நேரம் நல்லது. சித்திரை வெயிலில் மதியம் பெட்ரோலைத் திறந்தால் கண்ணெதிரே ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே சர்வீஸ் குழிக்குள் இறங்கி இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஷெட்டில் இன்வெர்ட்டர், பழைய பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எது இருந்தாலும் அதன் ஸ்விட்ச் பொறி போதும். வெளிச்சத்துக்குக் கம்பி பல்பு வேண்டாம், எல்இடி டார்ச். ஏபிசி பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாளித் தண்ணீர் பெட்ரோல் தீக்கு உதவாது, பரப்பத்தான் செய்யும்.

டேங்கில் பெட்ரோல் நிறைய இருந்தால் கால்வாசிக்குக் கீழே இறக்குங்கள். கையால் அமுக்கும் சைஃபன் பம்பு எந்த ஆட்டோ ஸ்டோரிலும் கிடைக்கும். வாயால் உறிஞ்சும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். இறக்கியதை மூடியுள்ள இரும்புக் கேனில் வையுங்கள். அழுக்குப் பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றினால் அது திருமணிமுத்தாற்றுக்குத்தான் போய்ச் சேரும். தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ஸ்பேனர்கள் இன்ச் அளவில் வேண்டும். மில்லி ஸ்பேனர் ஏறத்தாழப் பொருந்துவது போலிருக்கும், நட்டின் முனையை மழுக்கிவிடும்.

மாற்றும் வேலை

பேட்டரியின் எர்த் கம்பியை முதலில் கழற்றுங்கள். எம்ஜிபியில் பேட்டரி சீட்டுகளுக்குப் பின்னால், தரைப் பலகைக்கு அடியில் இருக்கும். பழைய கார்களில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும்.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். செங்கல்லையும் நம்பாதீர்கள். வலது பின்சக்கரத்தைக் கழற்றினால் வேலை எளிது. கம்பிச் சக்கரம் என்றால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நடு நட்டான ஸ்பின்னரில் கழற்றும் திசை அம்புக்குறியோடு பொறித்திருக்கும். வலது பக்கத்தில் மரை தலைகீழ். அம்பைப் பார்த்த பிறகே சுத்தியலை எடுங்கள். செம்பு அல்லது தோல் சுத்தியல்தான் வேண்டும்.

1970களின் நடுப்பகுதி வரை வந்த கார்களில் பம்பு வலது பின்சக்கரத்துக்கு முன்னால், பேட்டரிப் பெட்டியை ஒட்டி அடிப்பக்கம் இருக்கும். பின்னால் வந்த ரப்பர் பம்பர் கார்களில் அதன் மின்சார முனை டிக்கிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எதையும் தொடுமுன் போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். எந்த ஓஸ் எங்கே, எந்தக் கோணத்தில், ஒயர் எந்தப் பக்கம் என்பது படத்தில் இருந்தால் பின்னால் தலையைச் சொறிய வேண்டியதில்லை. படம் எடுத்ததும் சுற்றியுள்ள சேறையும் மண்ணையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். குழாய் வாய்க்குள் விழும் ஒரு மணல் துகள் போதும், புது வால்வு மூடாமல் போக.

ஒயர்களைக் கழற்றுங்கள். அடியில் அகலத் தட்டு ஒன்றை வைத்துவிட்டு, டேங்கிலிருந்து வரும் உள் இணைப்பைத் தளர்த்துங்கள். ஓஸ் வாயில் பெட்ரோல் தொடர்ந்து வரலாம். பொருத்தமான போல்ட் ஒன்றைச் செருகி கிளிப் போட்டு அடைத்துவிடுங்கள். பிறகு வெளி இணைப்பு. பிறகு பம்பின் உடலிலிருந்து போகும் மெல்லிய காற்றுக் குழாய்கள். கடைசியாகக் கவ்வியைத் தளர்த்தினால் பம்பு ரப்பர் உறையோடு கையில் வந்துவிடும்.

புதியதைப் பழையது இருந்த கோணத்திலேயே, காயில் படுக்கையாக இருக்கும்படி உட்கார வையுங்கள். உள்வாய் எது, வெளிவாய் எது என்று உடலிலேயே குறித்திருக்கும். இணைப்புகளின் வாஷர்கள் அத்தனையும் புதிதாக இருக்கட்டும். பழைய ஃபைபர் வாஷர் ஒருமுறை நசுங்கினால் மறுமுறை அடைக்காது. இறுக்கும்போது பம்பின் உடல் அலுமினியம் என்பதை மறக்காதீர்கள். பல்லைக் கடித்து இறுக்கினால் மரை உரிந்து வந்துவிடும்.

காற்றுக் குழாய்களை விட்டுவிடாதீர்கள். கழற்றியவர் திருப்பி மாட்டாமல் விட்ட கார்கள் நிறைய. அந்தத் துளை திறந்து கிடந்தால் மழையில் சக்கரம் வாரியடிக்கும் நீர் நேரே பாயின்ட்டுக்குப் போகும். குழாயின் மறுமுனை உலர்ந்த, உயரமான இடத்தில் இருக்க வேண்டும்.

இந்தச் சமயத்தில் இரண்டு சேர்க்கைகளையும் செய்துவிடுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி பம்பின் வெள்ளை ஒயருக்கு ஃபியூஸ் கிடையாது. பம்போடு வந்த தாளில் சொன்ன அளவில் ஒரு ஃபியூஸை இடையில் போடுங்கள். இன்னொன்று, மோதலில் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்ச். ஏசி பம்பு எஞ்சின் நின்றால் நின்றுவிடும். எஸ்யூ பம்பு அப்படியல்ல. சாவி போட்டிருக்கும் வரை, அறுந்த குழாய் வழியாகக்கூடப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் ஓட்டப்போகும் காருக்கு இந்த ஸ்விட்ச் அவசியம்.

ஃபில்டர் போடுவதென்றால் பம்புக்கு அப்புறம், கார்பரேட்டர் பக்கம் போடுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் நெருக்கமான பேப்பர் ஃபில்டர் போட்டால் பம்பு மூச்சு வாங்கும். கண்ணாடி ஃபில்டர் வேண்டாம்.

சாவி போட்டுப் பார்ப்பது

சிந்திய பெட்ரோல் முழுவதும் உலர்ந்து வாடை போன பிறகுதான் பேட்டரியை இணைக்க வேண்டும். சாவியைப் போட்டதும் புதுப் பம்பு வேகமாக அடிக்கும். குழாய் காலியாக இருப்பதால் வழக்கத்தைவிடச் சற்று நேரம் எடுக்கும். அடி நின்றதும் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திச் சரிசெய்யுங்கள். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஓடும்போதே மறுபடி ஒருமுறை ஒற்றிப் பாருங்கள்.

முதல் ஓட்டம் ஊருக்குள்ளேயே இருக்கட்டும். அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு என்று அரை மணி நேரம் சுற்றி, வீட்டுக்கு வந்து இணைப்புகளைப் பாருங்கள். கசிவு இல்லையென்றால் மலைக்குப் போகலாம். 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காட்டுப் பாதையைவிட நல்ல பரிசோதனைக்கூடம் பெட்ரோல் பம்புக்குக் கிடையாது. இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஏறும்போதுதான் பம்பு முழு அளவும் கொடுக்க வேண்டியிருக்கும். மே மாத விழாக் கூட்டத்திலும் ஞாயிறு மாலையிலும் இதைச் செய்யாதீர்கள். நின்றுவிட்டால் ஒதுங்க இடம் இருக்காது. வாரநாள் விடியற்காலை நல்லது. வழியில் நிறுத்தினால் திறந்த காரில் தின்பண்டம் எதுவும் வைக்காதீர்கள், குரங்குகள் காத்திருக்கும்.

மேலே போனதும் எஞ்சின் ஐடிலில் கொஞ்சம் கனத்து ஓடினால் பம்பைச் சந்தேகிக்க வேண்டாம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. காற்று குறைந்து பெட்ரோல் அதே அளவில் போவதால் பிளக் கறுக்கும். இது பெட்ரோல் மிகுதி, பற்றாக்குறை அல்ல. சேலத்துக்கு இறங்கினால் தானே சரியாகும். அதற்காக மலை மேல் கார்பரேட்டரைத் திருகாதீர்கள்.

இறங்கி வந்து கார் ஆறியதும் ஓஸ் கிளிப்புகளை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். புது ரப்பர் முதல் சூட்டில் அமுங்கிக் கொடுத்திருக்கும். கழற்றிய பழைய பம்பை எடைக்குப் போடாதீர்கள். காயில் நன்றாக இருந்தால் டயஃப்ரம், பாயின்ட், வால்வு மூன்றும் கிட்டாகக் கிடைக்கும். மாற்றி, கேனில் வைத்து ஓட்டிப் பார்த்து, வாய்களை அடைத்து, இன்ச் அளவு ஸ்பேனர் இரண்டோடும் நாலு வாஷரோடும் டிக்கியில் போட்டுவையுங்கள்.